பெரியப்பா வீட்டு 53 அங்குலப் புரொஜெக்‌ஷன் டிவியை வைத்துக்கொள்ளலாமா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு செட்டைப் பற்றி. ஒன்று, திருவிடைமருதூரில் உங்கள் பெரியப்பா 2001-ல் வாங்கிய 53 அங்குலப் புரொஜெக்‌ஷன் டிவி. அவர் காலத்துக்குப் பிறகு வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. பொங்கலுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் படம் வருகிறது, ஆனால் எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிரிந்து தெரிகின்றன, மொத்தப் படமும் பனி மூட்டமாக இருக்கிறது என்கிறீர்கள். இன்னொன்று, கூத்தாநல்லூரில் ஒருவர் துபாயிலிருந்து கப்பலில் கொண்டுவந்த 61 அங்குல டிஎல்பி செட், அதாவது டியூபுக்குப் பதில் விளக்கும் நுண்கண்ணாடிச் சிப்பும் வைத்த புரொஜெக்‌ஷன் டிவி. 12,000 ரூபாய் சொல்கிறார். பெரியப்பா செட்டை உங்கள் பாபநாசம் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வதா, அதைத் தள்ளிவிட்டு டிஎல்பியை வாங்குவதா, எது நீண்ட நாள் உழைக்கும் என்பது கேள்வி.

பெரியப்பா செட்டை வைத்துக்கொள்ளுங்கள். டிஎல்பியை அந்த விலைக்கு வாங்க வேண்டாம். இரண்டுமே பழசுதான், இரண்டிலும் கோளாறு வரும். ஆனால் பெரியப்பா செட்டில் வரும் கோளாறு ஒரு மெக்கானிக் கண்ணால் பார்த்து, சாலிடரிங் அயர்ன் வைத்துச் சரிசெய்யக்கூடிய கோளாறு. டிஎல்பியில் வருவது, மூடி வைத்த ஒரு பெட்டிக்குள் இருக்கும் பாகத்தின் கோளாறு. அந்தப் பாகம் இப்போது எளிதில் கிடைக்காது. நீண்ட நாள் உழைப்பு என்று பார்த்தால் வயதைவிட இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

முதலில் உங்கள் செட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். பார்க்க ஒரு பெரிய திரை. உள்ளே பெரிய பிக்சர் டியூப் எதுவும் கிடையாது. கீழ்ப்பெட்டியில் சுமார் 7 அங்குலத்தில் மூன்று சின்ன டியூப்கள் வரிசையாக இருக்கும்: ஒன்று சிவப்பு மட்டும், ஒன்று பச்சை மட்டும், ஒன்று நீலம் மட்டும் காட்டும். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு கனமான லென்ஸ். மூன்று படமும் மேலே போய், பின்பக்கம் சாய்வாக நிற்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையின் பின்புறத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழ வேண்டும். மூன்றும் அச்சுப் பிசகாமல் விழுந்தால் வெள்ளை எழுத்து வெள்ளையாகத் தெரியும். ஒன்று நகர்ந்தாலும் ஓரத்தில் நிறம் பிரியும். உங்களுக்கு நடந்திருப்பது இதுதான். மெக்கானிக்குகள் இதைக் கன்வர்ஜென்ஸ் போய்விட்டது என்பார்கள்.

சின்ன டியூபிலிருந்து அவ்வளவு பெரிய திரையை நிரப்ப வேண்டும் என்பதால் டியூபை மிகக் கடுமையாக ஓட்டுவார்கள். 30,000 வோல்ட்டை ஒட்டிய இஎச்டி (டியூபுக்குப் போகும் உயர் மின்னழுத்தம்), அதற்கேற்ற சூடு. அந்தச் சூட்டைத் தணிக்கவும், டியூபுக்கும் லென்ஸுக்கும் நடுவே வெளிச்சம் சிதறாமல் போகவும், இடையில் ஒரு திரவத்தை அடைத்து வைத்திருப்பார்கள். எத்திலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்த கூலன்ட் அது. இந்தச் செட்டின் ஆயுள் பாதி அந்தத் திரவத்தில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் பனி மூட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

வருடக்கணக்கில் சூடேறி ஆறி, கூலன்ட் கலங்கிப்போகும். உள்ளே பூஞ்சை போல ஒன்று படரும். கறுப்பு நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து வரும் இடத்தைக் கவனியுங்கள். எழுத்தைச் சுற்றி ஒளி கசிந்து படர்ந்தால் கூலன்ட் கலங்கியிருக்கிறது, அல்லது லென்ஸிலும் கண்ணாடியிலும் தூசி ஏறியிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. தூசி என்றால் மூன்று நிறமும் ஒரே மாதிரி மங்கும். கூலன்ட் என்றால் அநேகமாக ஒரு நிறம் மட்டும் முன்னால் வந்து நிற்கும். எழுத்தைச் சுற்றி நீலமாகப் படர்ந்தால் நீல டியூபின் திரவத்தில்தான் கோளாறு. அப்புறம் செட்டை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, மெக்கானிக்கை வைத்து முன்பக்க ஸ்பீக்கர் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் டியூபின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். பால் கலந்த தண்ணீர் போலத் தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். சில செட்டுகளில் நிறத்தைச் சுத்தமாகக் காட்டுவதற்காகவே கூலன்டில் சாயம் சேர்த்திருப்பார்கள். நிறம் இருக்கிறது என்பதற்காகக் கெட்டுப்போனது என்று முடிவு கட்ட வேண்டாம். கலக்கம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மாற்றும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சைத் தண்ணீரை இதில் ஊற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுபவர்களும் உண்டு. கூடவே கூடாது. இது சூடு தணிக்க மட்டும் இருக்கும் திரவம் இல்லை, லென்ஸ் வேலையிலும் பாதி இதுதான் செய்கிறது. ஒளி வளையும் அளவு மாறினால் ஃபோகஸ் போய்விடும். சுத்தமான கிளைக்கால்–கிளிசரின் கலவைதான் ஊற்ற வேண்டும், காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்ப வேண்டும், ரப்பர் சீலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடுத்த பழைய திரவத்தை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம், ஆனால் இனிப்பாக இருக்கும். நாய் நக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் திறந்த டம்ளரில் வைக்கவே கூடாது.

கலங்குவதைவிட மோசமானது கசிவு. சீல் காய்ந்து வெடித்தால் திரவம் சொட்டுச் சொட்டாகக் கீழே இருக்கும் போர்டில் விழும். செம்புப் பாதை பச்சை பூத்து அரித்துப்போகும், சில இடத்தில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் வாய்ப்புகூட உண்டு. ஆகவே உங்கள் செட்டை இனி ஒரு தடவைகூட ஆன் செய்வதற்கு முன்னால் பின்பக்கத்தைத் திறந்து, டியூப்களுக்குக் கீழே ஈரமோ பிசுபிசுப்போ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் அந்த டியூப்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கன்வர்ஜென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று படத்தையும் ஒன்றாக உட்கார வைப்பது டியூப் கழுத்தில் இருக்கும் கூடுதல் காயில்கள். அவற்றை ஓட்டுவது சூட்டை வெளியேற்றும் பெரிய உலோகத் தகட்டில் (ஹீட்சிங்க்) திருகி வைத்த இரண்டு ஐசிகள், பெரும்பாலான செட்டுகளில் எஸ்டிகே 392 வரிசை. இந்த வகை டிவியில் அதிகம் போகும் பாகம் இதுதான். எந்தக் கம்பெனி செட்டாக இருந்தாலும் இதே கதைதான். எந்நேரமும் கொதிக்கும் சூட்டில் நிற்பதால் ஐசி உள்ளே போய்விடும், அல்லது அதன் கால்களில் டிரை சாலிடர் விழும், அதாவது பற்றவைப்பு விரிசல் விட்டு இணைப்பு விடும். ஐசி முழுதாகப் போயிருந்தால் படத்தின் கோடுகள் வில்லாக வளையும், ஒரு நிறம் மட்டும் தனியாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ரிமோட்டில் எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் அசையாது. உங்களுடையது ஓரத்தில் லேசாகப் பிரிவதாகச் சொல்கிறீர்கள். அதனால் ஐசி போயிருக்க வேண்டும் என்றில்லை. நாளாவட்டத்தில் நகர்ந்ததாகவும் இருக்கலாம்.

ஆகவே உள்ளே கசிவு இல்லை என்று மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகு, முதலில் செலவில்லாத வழியைச் செய்து பாருங்கள். செட்டைப் போட்டு அரை மணி நேரம் சூடேற விடுங்கள். ஆறிய செட்டில் கன்வர்ஜென்ஸ் சரிசெய்தால் சூடேறியதும் மறுபடி நகர்ந்துவிடும். அப்புறம் மெனுவில் கன்வர்ஜென்ஸ் என்று இருக்கும் இடத்துக்குப் போனால் திரை நடுவில் ஒரு கூட்டல் குறி வரும். சிவப்பையும் நீலத்தையும் அம்புக்குறியால் நகர்த்திப் பச்சையின் மேல் உட்கார வையுங்கள். நடு சரியாகி ஓரம் மட்டும் பிரிந்தே இருந்தால், மெக்கானிக்குகளுக்கான சர்வீஸ் மெனுவில் கட்டம் கட்டமாக வரும் கோடுகளை வைத்து ஒவ்வொரு புள்ளியாகச் சரிசெய்ய வேண்டும். பொறுமையான ஆளுக்குச் சில மணி நேர வேலை. அந்த மெனுவுக்குள் போகும் முன் இருக்கும் எண்களையெல்லாம் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐசி மாற்ற வேண்டிவந்தால் போலி ஐசியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். எஸ்டிகே ஐசிகளில் போலிகள் எங்கே வாங்கினாலும் கலந்து வரும். எடை குறைவாக இருக்கும், மேலே இருக்கும் எழுத்து நகத்தால் சுரண்டினால் போகும், போட்ட சில வாரத்தில் மறுபடி அதே கோளாறு வரும். ஐசியோடு சேர்ந்து அதைச் சுற்றியிருக்கும் குறைந்த மதிப்பு ரெசிஸ்டர்களும் ஓப்பன் ஆகி (உள்ளே அறுந்து) இருக்கும், அவற்றை மீட்டர் வைத்துப் பார்க்காமல் புது ஐசியை மட்டும் போட்டால் அதுவும் போகும். ஹீட்சிங்கில் சூடு கடத்தும் பேஸ்ட் புதிதாகத் தடவ வேண்டும். இவ்வளவையும் ஒரே தடவையில் செய்துவிட்டால் அந்தப் பகுதி பல வருடம் தொல்லை கொடுக்காது.

வசதிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்துப் பெரிய செட்டுகளில் கம்பெனிகள் தங்களிடம் இருந்த நல்லதையெல்லாம் வைத்தார்கள். 50 ஹெர்ட்ஸ் படத்தை 100 ஹெர்ட்ஸாக்கிப் படத்தின் மினுக்கலைக் குறைக்கும் சர்க்யூட், ஒரு சேனலுக்குள் இன்னொரு சேனலைச் சின்னக் கட்டத்தில் காட்டும் வசதி, சில செட்டுகளில் அதற்காகவே இரண்டு ட்யூனர், படத்தை மூன்று ஒயராகப் பிரித்து வாங்கும் காம்போனென்ட் இன்புட், பெரிய மரப்பெட்டிக்குள் நிஜமான ஸ்பீக்கர். சத்தத்தில் இன்றைய மெல்லிய எல்இடி டிவி எதுவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது, கூடுதல் சவுண்ட்பார் வாங்கினால் ஒழிய. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதாரண கேபிளில் வரும் எஸ்டி படத்தை 55 அங்குல 4கே டிவியில் போட்டால் முகமெல்லாம் சொரசொரவென்று தெரியும். அதே படம் இந்த டியூப் செட்டில் மிருதுவாக, கண்ணுக்கு இதமாக வரும். பழைய படங்கள், பழைய கச்சேரிப் பதிவுகள் பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகவே நிற்கும்.

குறைகளும் உண்டு. வெளிச்சம் போதாது. உங்கள் பாபநாசம் வீடு முற்றம் வைத்த வீடு என்றால், கூடத்தில் முற்றத்து வெளிச்சம் விழும் சுவருக்கு எதிரே வைக்கவே வைக்காதீர்கள், பகலில் பாதிப் படம் தெரியாது. முற்றத்துக்குப் பக்கவாட்டுச் சுவரிலோ உள் அறையிலோ வையுங்கள். திரையில் இரண்டு தகடு இருக்கும். உள்ளே வட்ட வட்டமாகக் கோடு போட்ட ஃப்ரெனல் தகடு, வெளியே நெடுக்காகக் கோடு போட்ட தகடு. அந்த நெடுக்குக் கோடுகள் வெளிச்சத்தை இரண்டு பக்கமும் நன்றாகப் பரப்பும், மேலும் கீழும் பரப்பாது. அதனால் ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் படம் நன்றாகத் தெரியும், எழுந்து நின்றவருக்கு மங்கிவிடும். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு இது ஒத்துப்போகும், ஏனென்றால் தரையில் நிற்கும் பெட்டியில் திரையின் நடு கிட்டத்தட்ட அந்தக் கண் மட்டத்துக்கு வரும். இதை மேசை மேல் தூக்கி வைத்தீர்களானால் கெடுத்துவிடுவீர்கள்.

உங்கள் செட் பழைய 4:3 அளவாகத்தான் இருக்க வேண்டும். இப்போது பெரும்பாலான சேனல்கள் அகலத் திரை என்பதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். 53 அங்குலத்தில் அகலப்படம் 49 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அந்தப் பட்டையில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. டியூபின் நடுப்பகுதி தேயும், பட்டை விழும் பகுதி தேயாது. ரொம்ப நாள் போனால் முழுத்திரையில் படம் பார்க்கும்போது மேலும் கீழும் பளிச்சென்று கோடு தெரியும். செய்திச் சேனலின் கீழே ஓடும் பட்டை, ஓரத்தில் நிற்கும் சேனல் சின்னம் எல்லாமே இப்படித் தழும்பு விட்டுப்போகும். பதிந்த தழும்பு போகாது. இதைத் தடுக்க முக்கியமான வழி, கான்ட்ராஸ்டைக் குறைப்பது. கடையில் பளிச்சென்று தெரிவதற்காகக் கம்பெனியிலேயே அதை உச்சத்தில் வைத்து அனுப்பியிருப்பார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். டியூப் ஆயுள், கூலன்ட் ஆயுள், கன்வர்ஜென்ஸ் ஐசி ஆயுள் மூன்றும் இந்த ஒரு அட்ஜஸ்ட்மென்டில் கூடும். பெரியப்பா செட்டில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க, வெறும் வெள்ளையோ சாம்பலோ திரை முழுக்க வரும்படி செய்து செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். டியூப் தேய்ந்திருந்தால் மற்ற வேலை எதற்கும் காசு போட வேண்டாம். மூன்று டியூபையும் மாற்றுவது இப்போது நடக்கிற காரியம் இல்லை.

நம்ம ஊருக்கே உரிய சில எதிரிகள் இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலிலிருந்து கிளம்பும் பச்சைத் தத்துப்பூச்சி தெரியும் அல்லவா, வெளிச்சத்தைக் கண்டால் கொத்துக் கொத்தாக வந்து விழும். கொசுவலைக் கண்ணிலும் நுழைந்துவிடும். பெரிய திரை எரியும் அறைக்குள் வந்தால் பெட்டியின் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே போய், மேலே பார்த்தபடி இருக்கும் லென்ஸ்களின் மேல் செத்து ஒட்டிக்கொள்ளும். நான் திறந்து பார்த்த செட்டுகளில் லென்ஸ் மேல் பச்சையும் பழுப்புமாக ஒரு அடுக்கே இருந்தது உண்டு. அதைத் துடைத்ததும் படம் பாதி தெளிந்துவிட்டது. பூச்சி வரும் பருவத்தில் சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போடுங்கள். பவர் சப்ளை போர்டின் சூட்டுக்கு வரும் பல்லி இன்னொரு எதிரி. இரண்டு முனைக்கு நடுவே படுத்தால் பல்லியும் போகும், போர்டும் போகும். காற்றுத் துளைகளுக்கு உள்பக்கமாக மெல்லிய நைலான் வலை ஒட்டலாம், காற்றோட்டத்தை அடைக்காத அளவுக்கு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக்காற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். பாபநாசத்தில் அந்தக் கவலை இல்லை.

சுத்தம் செய்யும்போது ஒன்று. பின்பக்கக் கண்ணாடி நம் வீட்டு முகக்கண்ணாடி மாதிரி இல்லை, பூச்சு முன்பக்கமே இருக்கும். துணி வைத்துத் தேய்த்தால் பூச்சு கீறிவிடும், கீறல் படத்தில் வரும். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும், கறை இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சால் அழுத்தாமல் ஒற்றி எடுக்க வேண்டும். லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக். தின்னர், ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் படக் கூடாது.

கரண்ட் விஷயம் உங்களுக்கே தெரியும். குறுவை நாற்றுக்கு எல்லா போர் மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், மோட்டார்கள் நின்றதும் எகிறும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கம் ஜெனரேட்டரில் டிவி ஓட்டிய வீடுகளில் பவர் சப்ளை அடிபட்ட செட்டுகளை நிறையப் பார்த்தேன். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று கட்டாயம். செட் சுமார் 200 வாட் இழுக்கும், அதற்குத் தக்க அளவில் வாங்குங்கள். இடி மின்னல் என்றால் பிளக்கையும் கேபிள் ஒயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். கேபிள் வழியாக வரும் அடியை ஸ்டெபிலைசர் தடுக்காது.

பூட்டிய வீட்டில் வருடக்கணக்கில் கிடந்த செட்டில் கண்டன்சர்கள் காய்ந்திருக்கும். மெக்கானிக் முதல் தடவை போடும்போது சீரிஸ் பல்பு போட்டு, அதாவது செட்டுக்குப் போகும் கரண்டை ஒரு பல்பு வழியாக விட்டு, ஆன் செய்யட்டும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், அங்கேயே நிறுத்திவிடலாம். எலி கடித்த ஒயரையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இணைப்பு பற்றி: அந்தச் செட்டில் எச்டிஎம்ஐ இருக்காது. இப்போதைய செட்டாப் பாக்ஸில் ஏவி அவுட் இருந்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை மாட்டினால் முடிந்தது. ஏவி இல்லாத பாக்ஸ் அல்லது ஃபயர் ஸ்டிக் மாதிரி எச்டிஎம்ஐ மட்டும் உள்ள கருவி என்றால் எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் சின்னப் பெட்டி வேண்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். செட்டில் காம்போனென்ட் இன்புட் இருந்தால் அதற்கு மாற்றும் பெட்டி வாங்குங்கள், படம் கண்கூடாகத் தெளியும். செட் எந்த அளவுப் படத்தை ஏற்கும் என்பதை மட்டும் கையேட்டிலோ பின்பக்க லேபிளிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டிஎல்பிக்கு வருவோம். இதில் டியூப் கிடையாது. ஒரு விளக்கு, அதன் முன்னே சுற்றும் நிறத் தகடு, நகம் அளவு சிப்பில் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-ல் கண்டுபிடித்தது அந்தச் சிப். ஒவ்வொரு கண்ணாடியும் நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆடி ஒரு புள்ளியை உருவாக்கும். அருமையான தொழில்நுட்பம். படம் உங்கள் செட்டைவிடக் கூர்மையாகவும் பிரகாசமாகவும் இருக்கும், தழும்பு விழாது, கன்வர்ஜென்ஸ் தொல்லை கிடையாது, எடையும் பாதிக்கும் குறைவு. இதையெல்லாம் மறைத்து உங்களை மட்டும் தடுப்பது நியாயம் இல்லை.

ஆனால் அந்த விளக்கு சுமார் 6,000 மணி நேரம் என்று கம்பெனியே சொல்லி விற்றது. தினம் 5 மணி நேரம் பார்த்தால் மூன்றேகால் வருடம். அதுவும் கரண்ட் ஒழுங்காக இருக்கும் ஊர்க்கணக்கு. அணைத்த பிறகும் ஃபேன் ஓடி விளக்கை ஆற்ற வேண்டும். நம்ம ஊரில் திடீரென்று கரண்ட் போனால் ஃபேனும் நின்று, விளக்கு சூட்டிலேயே வெந்து ஆயுள் குறையும். யுபிஎஸ் இல்லாமல் டிஎல்பியை ஓட்டவே கூடாது. விளக்கை மாற்றலாம் என்றாலும் இன்று கிடைப்பதில் பெரும்பாலானவை கூடு மட்டும் சரியாக இருந்து உள்ளே தரமில்லாத பல்பு வைத்தவை. நிறத் தகடு நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்கு மேல் சுற்றும், பேரிங் தேய்ந்தால் கீச்சென்று சத்தம் வரும், அப்புறம் நிற்கும். எல்லாவற்றையும்விட அந்தச் சிப்பின் கோளாறுதான் கொடுமை. நுண்கண்ணாடிகள் ஒவ்வொன்றாக ஆடாமல் மாட்டிக்கொண்டு திரையில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். முதலில் ஒன்றிரண்டு, சில மாதத்தில் திரை முழுக்க. சிப்பை மாற்றுவதைத் தவிர வழியில்லை. சோனி 2007 டிசம்பரில் புரொஜெக்‌ஷன் டிவியிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. கடைசிவரை தாக்குப்பிடித்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் பாகம் என்றால் பெரும்பாலும் வேறொரு செத்த செட்டிலிருந்து கழற்றியதுதான்.

மனசு கேட்கவில்லை, கூத்தாநல்லூர் போய்ப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள், சூடேறிய பிறகுதான் உண்மை தெரியும். திரை முழுக் கறுப்பாக இருக்கும்போது கிட்டே போய் வெள்ளைப் புள்ளி தேடுங்கள். ஒரு புள்ளி இருந்தாலும் விட்டுவிடுங்கள். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பின்பக்கம் காது கொடுங்கள். மெனுவில் விளக்கு ஓடிய மணி நேரம் காட்டும் செட்டுகள் உண்டு, அதையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் 3,000 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். 2006-ல் சாம்சங் கொண்டுவந்த, விளக்குக்குப் பதில் எல்இடி வைத்த டிஎல்பி வகையாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், அதில் விளக்கும் சுற்றும் தகடும் இல்லை.

பெரியப்பா செட்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்றால், கூலன்ட், சுத்தம், கன்வர்ஜென்ஸ் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்குள் முடிகிற மாதிரி இருந்தால் செய்யுங்கள். அதற்கு மேல் போனால் அந்தக் காசைப் புது எல்இடிக்கு வைத்துக்கொள்வதே நல்லது. வேலையைத் திருவிடைமருதூரில் செய்யாதீர்கள். செட்டைப் பாபநாசத்துக்குக் கொண்டுவந்து, வைக்கும் இடத்தில் வைத்த பிறகு செய்யுங்கள். வண்டியில் ஆடி வந்தால் எப்படியும் கன்வர்ஜென்ஸ் நகரும், செட் பார்க்கும் திசை மாறினால் பூமியின் காந்தப்புலத்தால்கூடக் கொஞ்சம் மாறும். நூறு கிலோவை ஒட்டிய பெட்டி, நாலு பேர் வேண்டும். நிமிர்த்தியே கொண்டுவாருங்கள், படுக்க வைத்தால் கூலன்ட் சீலில் கசிவு ஆரம்பிக்கும். திரைப்பக்கம் கையே வைக்கக் கூடாது, போர்வை சுற்றிக் கட்டுங்கள்.

டியூப் தேய்ந்துபோய்த் தள்ளிவிடத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால், திரையைக் கழற்றிக் கொல்லையில் சாய்த்து வைக்காதீர்கள். அந்த ஃப்ரெனல் தகடு 53 அங்குல பூதக்கண்ணாடி. வெயில் பட்டால் ஒரு புள்ளியில் குவித்துக் கட்டையையே எரிக்கும், பக்கத்தில் வைக்கோல் போர் இருந்தால் சொல்லவே வேண்டாம். துணி போட்டு மூடி நிழலில் வைத்து, டியூப்களை உடைக்காமல் மின்கழிவு எடுப்பவரிடம் முழுதாகக் கொடுங்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.